வந்திறங்கிய மீனும் புதுத் தண்ணீரும்

வயலும் தோட்டமும் கையை விட்டுப் போன பின்னர், இருக்கிற ஒரு துண்டு முற்றத்தில் என்ன செய்யலாம் என்று வாசகர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. கோழி, காளான், பைகளில் மரக்கறி என்பவற்றோடு அலங்கார மீன் வளர்ப்பைப் பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். இரண்டு தொட்டியும் ஒரு கிணறும் இருந்தால் தொடங்கலாம். பிறர் வளவில் இருப்பவர்களும் செய்யலாம். மீண்டும் இடம் மாற நேர்ந்தால் தாய்மீன்களைக் கையோடு கொண்டுபோகலாம்.

ஆனால் இந்த முயற்சியில் இறங்கிய குடும்பங்கள் பல, முதல் இரண்டு நாட்களிலேயே மனம் உடைந்து கைவிட்டதை நாம் கண்டிருக்கிறோம். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த மீன் பையில் துள்ளிக்கொண்டு வரும். தொட்டியில் விட்ட மறுநாள் காலையில் வயிறு மேலே தெரிய மிதக்கும். போட்ட பணம் போய்விடும். ஆகவே இப்பாடத்தில் மீன் வளர்ப்பு முழுவதையும் நாம் சொல்லப் போவதில்லை. வாங்கிய மீன் வீட்டுக்கு வந்து சேரும் அந்த ஒரு நாளையும் அதன் பின் வரும் ஒரு வாரத்தையும் பற்றியே பார்ப்போம்.

எமது தவறு

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில், இடம்பெயர்ந்து வந்து குடியிருந்த பத்துக் குடும்பங்களுக்குக் கப்பி மீன் எடுத்துக் கொடுத்தோம். தாய்மீன் வாங்கக் குடும்பங்களும் தம் சேமிப்பில் ஒரு பங்கு போட்டிருந்தன. தை மாதம். மாலையில் கொழும்பில் கட்டிய பைகள் இரவு பஸ்ஸில் ஏறி, மறுநாள் காலை ஒன்பது மணியளவில் எம் கைக்கு வந்தன. பதினைந்து மணித்தியாலம் மீன்கள் பைக்குள் இருந்துவிட்டன.

பதறாத காரியம் சிதறாது என்பதே எமது எண்ணம். பையைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை வீதம் கிணற்று நீரைப் பைக்குள் விடச் சொன்னோம். இரண்டு மணித்தியாலம் அப்படிச் செய்த பின்னரே மீனைத் தொட்டியில் விட வேண்டும் என்றோம். கையில் மணிக்கூட்டுடன் வீடு வீடாக நின்று பார்த்தோம்.

ஒரு வீட்டில் மட்டும் அக்கா ஒருவர் கேட்கவில்லை. “தம்பி, நான் வெங்காயம் கிண்டப் போகவேணும். ரெண்டு மணித்தியாலம் இதுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருக்க ஏலாது” என்றார். பையைக் கட்டியபடியே தண்ணீரில் மிதக்கவிட்டார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் பையை அவிழ்த்து, மாவரிக்கிற அரிதட்டில் மீனை வடித்து, பேசினில் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பேசின் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே இருந்தது. முதல் வாரம் பெய்த மழைநீர் அதில் பாதி, கிணற்று நீர் பாதி.

நாம் மனதுக்குள் அவரைக் குறை சொன்னோம். ஆனால் மூன்றாம் நாள் கணக்கெடுத்தபோது, எமது சொற்படி செய்த வீடுகளில் பாதிக்கு மேல் மீன் செத்திருந்தது. அந்த அக்காவின் பேசினில் செத்தது ஒன்றே ஒன்று. “நீங்கள் சொன்னபடி செய்தனாங்கள், எல்லாம் போட்டுது” என்று மற்ற வீட்டார் சொன்னபோது எமக்குத் தலை நிமிரவில்லை. அதன் பின்னர்தான் காரணத்தைத் தேடிப் படித்தோம்.

பைக்குள் நடப்பது என்ன?

மீன் அனுப்புகிறவர்கள் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதிக்கு ஒட்சிசனும் நிரப்பிக் கட்டுவார்கள். மீன் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. அத்துடன் அமோனியா என்னும் கழிவும் அதன் பூக்கள் வழியாக வெளியேறுகிறது. யூரியா மூட்டை ஈரமானாலும், கோழிக்கூடு துப்புரவின்றிக் கிடந்தாலும் மூக்கில் குத்துமே, அதே அமோனியாதான். பை கட்டியிருக்கும் வரை இரண்டும் வெளியேற வழியில்லை.

இங்கேதான் ஒரு விந்தை. காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து நீரைப் புளிப்பாக்குகிறது, அதாவது அமிலமாக்குகிறது. அமில நீரில் அமோனியாவின் பெரும்பங்கு நஞ்சில்லாத வேறொரு வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். நீர் காரமாக மாறினால் அதே அமோனியா நஞ்சாகத் தலைதூக்கும்.

அமிலம், காரம் என்பவற்றை பீ.எச். என்ற அளவினால் குறிப்பார்கள். மண் பரிசோதனையில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நமது வெப்பநிலையில் பீ.எச். 6.5 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் ஆயிரத்தில் ஏறக்குறைய 2 பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். 7 ஆனால் ஏறக்குறைய 7 பங்கு. 8 ஆனால் ஏறக்குறைய 65 பங்கு. அதாவது 6.5இலிருந்து 8க்குப் போகும்போது நஞ்சு முப்பது மடங்காகிறது. புதிதாக ஒரு துளி அமோனியாவும் சேரத் தேவையில்லை.

இப்போது எமது தவறு விளங்கும். பையைத் திறந்ததும் சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போலக் காபனீரொட்சைட்டு வெளியேறத் தொடங்கியது. பீ.எச். ஏறியது. அதற்குமேல் காரமான கிணற்று நீரைக் கோப்பை கோப்பையாக விட்டோம். பீ.எச். இன்னும் ஏறியது. மீன் மட்டும் அதே அழுக்கு நீரில் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. பொறுமையாகச் செய்கிறோம் என்று எண்ணி நஞ்சில் ஊறவைத்திருந்தோம். அந்த அக்காவோ பை கட்டியிருக்கும்போது பொறுத்திருந்தார். பை திறந்ததும் விரைந்தார். நேரமின்மையால் செய்தாலும் அதுவே சரியான முறை.

ஊர் மாறினால் தண்ணீரும் மாறும்

அலங்கார மீன் வளர்ப்போர் மிகுதியாக இருப்பது மேல் மாகாணத்தில். அங்கே மழை அதிகம். நீர் பெரும்பாலும் மென்மையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளோ சுண்ணக்கல்லின் மேல் நிற்பவை. கேத்தலில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் இலகுவில் நுரைக்காததும் அந்தச் சுண்ணாம்பினால்தான். சில ஊர்களில் உவரும் கலந்திருக்கும். ஒரு ஊர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீனின் உடல் அந்தத் தண்ணீரின் உப்புக்கும் சுண்ணாம்புக்கும் பழகியிருக்கும். திடீரென மாற்றினால் தாங்காது. புது ஊர்க் கிணற்று நீர் சில நாட்களுக்கு நமக்கே ஒத்துவராததை இடம்பெயர்ந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. அழுக்கு நீரிலிருந்து மீனை விரைவாக எடுக்க வேண்டும். புது நீருக்கு மெதுவாகப் பழக்கவும் வேண்டும். இதற்கு வழி, பழக்கும் வேலையைப் பைக்குள் செய்யாமல் வெளியே செய்வதுதான். மீன் பழகிய நீருக்குக் கிட்டிய நீரை ஒரு பேசினில் முன்னரே ஆயத்தமாக வைத்து, அதில் மீனை விட்டு, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக எமது கிணற்று நீருக்கு மாற்ற வேண்டும். மிளகாய்க் கன்றை மேடையிலிருந்து பிடுங்கியதும் வெயிலில் காயவிடாமல் நட்டு, நிழல் கட்டி, பின்னர் நிழலை மெல்ல மெல்ல எடுப்பதைப் போன்றதே இது.

மீன் இனத்தைத் தெரிவு செய்யும்போதும் நீரைப் பாருங்கள். கப்பி, மொலி, பிளட்டி, வாள்வால் மீன் ஆகியவை சுண்ணாம்பு நீரை விரும்புபவை. குட்டி போடுபவையும் கூட. தொடங்குபவர்களுக்கு இவையே ஏற்றவை. நியோன், டிஸ்கஸ் போன்றவை மென்னீர் மீன்கள். குடாநாட்டுக் கிணற்றை நம்பி அவற்றில் பணம் போட வேண்டாம்.

மீன் வருமுன் செய்ய வேண்டியவை

1. அகன்ற வாயுள்ள பிளாஸ்ரிக் பேசின் ஒன்றை எடுங்கள். இருபது சிறு கப்பிகளுக்கு 40 லீற்றர் நீர் போதும். வாய் அகன்றிருந்தால் காற்று நன்றாகப் படும். கிருமிநாசினி கரைத்த வாளியையோ, உரம் கலக்கிய பாத்திரத்தையோ எத்தனை முறை கழுவினாலும் பாவிக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டும் கழுவ வேண்டாம்.

2. சுத்தமான மழைநீர் இருந்தால் பாதியும் கிணற்று நீர் பாதியுமாகக் கலந்து, ஒரு நாள் முன்னரே பேசினை நிரப்பி நிழலில் வையுங்கள். முதல் மழையில் கூரை கழுவி வரும் நீரைச் சேர்க்க வேண்டாம். மழைநீர் இல்லையெனில், மீன் தருபவரிடம் அவரது நீர் எப்படியானது என்று கேளுங்கள். கிட்டிய ஊரில், உங்களுடையதைப் போன்ற நீரில் வளர்த்த மீனை வாங்குவது இன்னும் நல்லது.

3. பவுசரில் வரும் நீரிலும் குழாய் நீரிலும் குளோரீன் இருக்கும். வெள்ளத்தின் பின் குளோரீன் தூள் இட்ட கிணற்றிலும் இருக்கும். குளோரீன் மீனின் பூக்களை எரித்துவிடும். அப்படியான நீரை அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, இடைக்கிடை கலக்கி, ஒரு முழு நாளாவது விட்ட பின்னரே பாவியுங்கள். மணம் இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

4. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. சீமெந்திலிருந்து காரம் கசியும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள்.

5. மீன் அள்ள மெல்லிய துணி வலையோ அரிதட்டோ போதும். மலேரியாத் தடுப்புக்காகப் பகிர்ந்தளிக்கப்பட்ட, மருந்தூட்டிய நுளம்பு வலையை வெட்டி ஒருபோதும் பாவிக்க வேண்டாம். அந்த மருந்து மனிதருக்கு அதிகம் கேடில்லாவிட்டாலும் மீனுக்குக் கடும் நஞ்சு. மீன் உள்ள இடத்தில் நுளம்புத்திரியும் கொளுத்த வேண்டாம்.

6. பை வரும் அன்று வீட்டில் நிற்க ஒருவரை முன்னரே ஒழுங்கு செய்யுங்கள். பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் ஒரு மணித்தியாலம் கிடந்த பைக்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை.

மீன் வந்த அன்று

இரவுப் பயணம் செய்து வந்த பைகளுக்கு இந்த முறையைக் கையாளுங்கள்.

முதலாவதாக, பையை நிழலுக்குக் கொண்டுவந்து, கட்டை அவிழ்க்காமல் பேசின் நீரில் மிதக்கவிடுங்கள். 15 முதல் 20 நிமிடம் போதும். உள்ளும் வெளியும் வெப்பநிலை ஒன்றாகும். கட்டிய பையில் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே நீர் சூடாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பெட்டியின் இருட்டிலிருந்து வந்த மீனுக்குத் திடீர் வெளிச்சமும் பயம். பையின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை உறுதி செய்த பின் பையைத் திறவுங்கள். இனித் தாமதம் கூடாது. வெற்று வாளியின் மேல் அரிதட்டைப் பிடித்து, பை நீரை மீனுடன் மெதுவாக ஊற்றி, மீனை உடனே பேசினில் விடுங்கள். மீன் வெறுந்தட்டில் கிடப்பது ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பல பைகள் இருந்தால் ஒரு பையை முடித்த பின்னரே மற்றதைத் திறவுங்கள்.

மூன்றாவதாக, பை நீரை ஒருபோதும் பேசினிலோ தொட்டியிலோ ஊற்ற வேண்டாம். கழிவும் நோய்க் கிருமியும் அதிலேயே இருக்கின்றன. வாழை அடியில் ஊற்றிவிடுங்கள்.

நான்காவதாக, பேசினைத் துணியால் பாதி மூடி, அமைதியாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஆசையோடு தட்டிப் பார்ப்பார்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று அன்பாகச் சொல்லி வையுங்கள். அன்றைக்குச் சாப்பாடு போடக் கூடாது.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், சிரட்டையால் நீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மின்சாரமும் காற்றுப் பம்பியும் இல்லாத வீட்டில் இதுவே பம்பி.

அடுத்த ஊரிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவந்த மீனென்றால் பை நீரில் கழிவு அதிகம் சேர்ந்திராது. அப்போது மெதுவாகப் பழக்கும் முறையே நல்லது. 15 நிமிடம் மிதக்கவிட்டு, பையைத் திறந்து, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் நீரைச் சிறிது சிறிதாக விட்டு, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். நாம் முன்பு சொல்லிக் கொடுத்த முறை இதுதான். நெடும்பயணம் செய்து வந்த மீனுக்கு அதைக் கையாண்டதே பிழை.

முதல் ஒரு வாரம்

இரண்டாம் நாள், ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு மட்டும் உணவு போடுங்கள். அவித்த முட்டை மஞ்சட்கரு என்றால் ஊசி முனையளவு போதும். மீதியானது அழுகினால் அதுவும் அமோனியாதான். நுளம்புக் குடம்பியைக் கப்பி விரும்பித் தின்னும். ஆனால் அதற்காக நீரைத் தேக்கிக் குடம்பி வளர்க்க வேண்டாம். டெங்கு வரும். மீனில்லாத பாத்திரங்களில் நீர் இருந்தால் மூடி வையுங்கள்.

மூன்றாம் நாள் முதல் தினமும் பேசின் நீரில் கால்வாசியை அடியிலிருந்து அகற்றி, முதல்நாள் எடுத்து வைத்த கிணற்று நீரை மெதுவாக விடுங்கள். ஒரு வாரத்தில் மீன் உங்கள் கிணற்றுக்குப் பழகிவிடும்.

ஏற்கெனவே மீன் வளர்ப்பவர்கள் புது மீனைப் பழைய மீனோடு உடனே சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். உடலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, மடிந்த செட்டை, சுவரில் உரசுதல் ஆகியவை நோயின் அடையாளம். பயணக் களைப்புள்ள கப்பிக்கும் மொலிக்கும் லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்து விடுவது உதவும்.

புதுத் தொட்டிக்கும் பக்குவம் வேண்டும். தொட்டிச் சுவரில் வழுவழுப்பாகப் படியும் படையில் நல்ல பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அமோனியாவைப் படிப்படியாகக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுபவை அவையே. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். பழைய, நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பிடி சரளைக்கல் எடுத்துப் போட்டால் விரைவில் பெருகும். இதனால்தான் முதலில் சில மீன்களோடு தொடங்குங்கள் என்கிறோம். கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். பத்துத் தாய்மீன் தப்பினால் தொட்டி தானே நிரம்பும். கடன் வாங்கி நூறு மீன் இறக்கத் தேவையில்லை.

குளத்தில் விடாதீர்கள்

மீன் வளர்ப்பைக் கைவிட நேர்ந்தால், இரக்கப்பட்டு மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். தொட்டியில் பாசி தின்னும் என்று வாங்கும் உறிஞ்சுவாய்க் கெளிறும், கத்தி மீன் எனப்படுவதும் அப்படி வெளியேறி, இலங்கையின் நன்னீரில் பெருகி, உள்ளூர் மீனுக்குக் கேடு செய்கின்றன. குளத்து மீனை நம்பி வாழும் குடும்பங்களும் நம்மைப் போன்றவர்களே. வேண்டாத மீனை வேறொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள்.

மேலும் ஆலோசனை தேவையென்றால், 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான நக்டா எனப்படும் நீருயிரினச் செய்கை அதிகார சபையின் விரிவாக்க அலுவலர்களைக் கேட்கலாம்.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

பை கட்டியிருக்கும் போது பொறுமை. பை திறந்த பின் விரைவு. பேசினில் விட்ட பின் மீண்டும் பொறுமை.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதா? அண்மையில் அதில் குளோரீன் இடப்பட்டதா?

2. உங்கள் கிராமத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் மீன் எடுப்பித்தால், பஸ்ஸிலிருந்து பைகளை எடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

3. நாற்றை இடம் மாற்றும்போது நீங்கள் செய்யும் வேலைகளில் எவை மீனுக்கும் பொருந்தும்? எவை பொருந்தாது?

4. எமது சொல்லைக் கேட்காத அந்த அக்காவிடம், மீனை விட்ட அன்றே காரணம் கேட்டிருந்தால் நாம் எதைக் கற்றிருப்போம்? உங்கள் கிராமத்தில் ஆலோசனை சொல்ல வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கக்கூடியவை எவை?